வாயைக் கட்டியும் கட்டுப்படாத சர்க்கரை

என் அக்கா வீட்டில் பூஜை அலமாரிக்குக் கீழே ஒரு தகர டப்பா இருக்கும். அவருடைய மாத்திரைகள் எல்லாம் அதில்தான். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. பிறகு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சர்க்கரை மாத்திரைகள். தைராய்டு மாத்திரை பத்து ஆண்டுப் பழக்கம். சர்க்கரை மாத்திரை அவருடைய 41ஆவது வயதில் வந்து சேர்ந்தது. மூன்று ஆண்டுகளில் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்கானது. ஒரே டப்பாவில் கிடந்த அந்த இரண்டு வகை அட்டைகளுக்கும் ஏதோ உறவு இருக்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தோன்றவில்லை.

அக்கா பள்ளி ஆசிரியை. சொன்ன சொல்லைத் தட்டாத நோயாளி. வெள்ளைச் சோற்றை விட்டார். கேழ்வரகுக் களிக்கு மாறினார். விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் நடப்பார். கல்யாண வீட்டில் இலையில் வைத்த ஜாங்கிரியை ஓரமாக ஒதுக்கிவிடுவார். அப்படியும் மூன்று மாத சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 9, 10 என்றே வந்தது. ஒவ்வொரு முறை ரிப்போர்ட்டை நீட்டும்போதும் கிடைத்த பதில் ஒன்றுதான்: “வாயைக் கட்டணும்மா.” மாமியாரும் அதையே சொன்னார். நானும் சொல்லியிருக்கிறேன்.

58 கிலோ இருந்தவர் 47 கிலோவுக்கு வந்தார். வளையல் முழங்கை வரை ஏறியது. ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்தோம். “சர்க்கரை வந்தா இளைக்கத்தானே செய்யும்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஒருநாள் ஓயாமல் வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் சர்க்கரை பார்த்தார்கள், 210தான். வயிற்றுப் புண்ணாக இருக்கும் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மூச்சு வாங்கியபடி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறியிருந்தது. அங்கிருந்த மருத்துவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “தைராய்டு எத்தனை வருஷமா?”

அதற்குப் பிறகுதான் இரண்டு ரத்தப் பரிசோதனைகள் எடுக்கப்பட்டன. அக்காவுக்கு இருந்தது, எல்லோரும் நினைத்த டைப் 2 அல்ல. பெரியவர்களுக்கு மெதுவாக வரும் தன்னுடல் தாக்கு நீரிழிவு. மருத்துவர்கள் சுருக்கமாக ‘லாடா’ என்பார்கள். செய்தியைக் கேட்டதும் அக்கா நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார். “மூணு வருஷமா நான் ஒளிச்சு ஒளிச்சுத் திங்கிறேன்னுதானே எல்லாரும் நினைச்சீங்க?”

இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தக் கேள்விதான். பெரியவர்களுக்கு வரும் நீரிழிவு எந்த வகை என்பதை முதல் நாளிலேயே அறுதியிட்டுச் சொல்ல முடியாத நிலை பலருக்கு உண்டு. அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால், அந்தச் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டால், அதன் பாரம் முழுவதும் நோயாளியின் நாக்கின் மீதும் நாணயத்தின் மீதும் விழுந்துவிடுகிறது.

இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

நீரிழிவை நாம் இரண்டு பெட்டிகளாகப் பிரித்துப் பழகிவிட்டோம். உடலின் நோய் எதிர்ப்புப் படையே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை எதிரியாக நினைத்து அழித்தால் அது டைப் 1. இன்சுலின் சுரந்தும் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்தாமல், நாளடைவில் சுரப்பும் தளர்ந்தால் டைப் 2. முதலாவது சிறுவர்களுக்கு, இரண்டாவது பெரியவர்களுக்கு. இப்படித்தான் பள்ளிப் பாடம் முதல் மருத்துவமனைச் சுவரொட்டி வரை சொல்கின்றன.

இந்த வயதுக் கணக்கு பிழையானது. பிரிட்டனின் ‘பயோபேங்க்’ தரவுகளை மரபணு அடிப்படையில் ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, 60 வயதுக்குள் வரும் டைப் 1 நீரிழிவில் 42% பேருக்கு 30 வயதுக்குப் பிறகே நோய் வருவதாகக் காட்டியது. பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மேவுக்கு 2012இல், 56ஆவது வயதில், நீரிழிவு தெரியவந்தது. டைப் 2 என்றே முதலில் சொன்னார்கள். மாத்திரைகள் வேலை செய்யவில்லை. மறுபடி சோதித்தபோதுதான் டைப் 1 என்று தெரிந்தது. தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டே பின்னாளில் அவர் பிரதமர் பதவியையும் வகித்தார். மூலைக்கு மூலை மருத்துவ வசதி உள்ள நாட்டில், அமைச்சருக்கே முதல் கணிப்பு தவறியது.

லாடா இந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நிற்கிறது. பீட்டா செல்கள் அழிவது டைப் 1 போல. ஆனால், அழிவின் வேகம் குறைவு. தொடக்கத்தில் மாத்திரைக்குக் கட்டுப்படும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத்தான் கணையம் கைவிரிக்கும்.

மருத்துவ உலகம் இதைக் கண்டுகொண்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கணையத்தின் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளை 1974இல் லண்டனில் பொட்டாஸோ, டோனியாக் குழுவினர் நீரிழிவு நோயாளிகளிடம் கண்டறிந்தார்கள். அவர்களுடன் சேர்ந்து பின்லாந்தின் லீஃப் குரூப் 1986இல் வெளியிட்ட ஆய்வு, 35 முதல் 75 வயதில் நோய் கண்டறியப்பட்டவர்களிடமும் அதே ஆன்டிபாடி பதுங்கியிருப்பதைக் காட்டியது. 1993இல் தீனமையா துவோமி, பால் ஸிம்மெட் உள்ளிட்டோர் ‘ஜிஏடி’ என்ற நொதிக்கு எதிரான ஆன்டிபாடியைக் கொண்டு இந்த நோயாளிகளை அடையாளம் காண வழி சொன்னார்கள். ‘லாடா’ என்ற பெயர் அப்போதுதான் நிலைபெறத் தொடங்கியது.

பெயர் வந்து முப்பது ஆண்டுகள் தாண்டியும், அது தனி நோயா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை இரண்டு வகைகளும் கலந்த ‘கலப்பு வடிவங்கள்’ என்ற பிரிவில் வைத்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமோ, தனிப் பெயர் வேண்டாம், டைப் 1 என்றே கொள்ளலாம் என்கிறது.

வரையறையிலும் ஓட்டை உண்டு. 30 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்; ஆன்டிபாடி இருக்க வேண்டும்; நோய் தெரிந்து ஆறு மாதமாவது இன்சுலின் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். வழக்கில் உள்ள மூன்று நிபந்தனைகள் இவை. மூன்றாவதை யோசித்துப் பாருங்கள். இன்சுலினை எப்போது தொடங்குவது என்பது நோய் முடிவு செய்வது மட்டுமல்ல. மருத்துவரும் முடிவு செய்வது. முன்னெச்சரிக்கையுள்ள மருத்துவர் இரண்டாம் மாதமே ஊசியைத் தொடங்கினால் ஒருவருக்கு லாடா இல்லை. தயங்குகிற மருத்துவர் எட்டு மாதம் மாத்திரையிலேயே ஓட்டினால் லாடா. உடலில் நடப்பதோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

உமியை அளந்து அரிசியை அறிவது

‘எல்லோருக்கும் ஆன்டிபாடி பரிசோதனை செய்துவிட்டால் தீர்ந்ததே’ என்று தோன்றும். எனக்கும் கோபத்தில் அப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. ஆயிரம் நீரிழிவு நோயாளிகளில் உண்மையாகவே இந்த நோய் உள்ளவர்கள் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்த 15 பேரையும் பிடித்துவிடுகிறது. நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை மட்டுமே ‘இருக்கிறது’ என்று தவறாகச் சொல்கிறது. நல்ல பரிசோதனைதான். ஆனால், மீதமுள்ள 985 பேரில் இரண்டு சதவீதம் என்றால் ஏறக்குறைய 20 பேர். ‘பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட் வாங்கும் 35 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இல்லை! லாடா என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் உண்மையான டைப் 1, டைப் 2 இரண்டும் கலந்திருக்கக்கூடும் என்று பிரிட்டனின் ஆய்வாளர்கள் 2021இல் எச்சரித்ததும் இதையொட்டித்தான்.

அதோடு, ஆன்டிபாடி ஒரு சாட்சி மட்டுமே. பீட்டா செல்களைக் கொல்வதில் முதன்மைப் பங்கு நோய் எதிர்ப்புப் படையின் டி செல்களுக்கு உரியது. சாட்சி இருப்பதால் அழிவு எந்த வேகத்தில் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் நடந்த ‘யுகேபிடிஎஸ்’ என்ற பெரும் ஆய்வு 1997இல் காட்டியது இதைத்தான். டைப் 2 என்று சேர்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஜிஏடி ஆன்டிபாடி இருந்தது. நோய் தெரிந்தபோது 35 வயதுக்குக் கீழே இருந்தவர்களில், இந்த ஆன்டிபாடி உள்ள 84% பேருக்கு ஆறு ஆண்டுகளுக்குள் இன்சுலின் தேவைப்பட்டது. ஆன்டிபாடி எதுவும் இல்லாதவர்களில் 14% பேருக்குத்தான். 55 வயதைத் தாண்டியவர்களிலோ, ஆன்டிபாடி இருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே இன்சுலின் தேவைப்பட்டது. ஒரே ரிப்போர்ட், வயதுக்கு வயது பொருள் மாறுகிறது.

அதனால்தான் இன்னொரு பரிசோதனையும் வேண்டும்: சி-பெப்டைடு. நெல்லைக் குத்தினால் அரிசியும் வரும், உமியும் வரும். கணையம் இன்சுலினை உருவாக்கும்போது, ஒரு பெரிய மூலக்கூறு உடைந்து இன்சுலினும் சி-பெப்டைடும் சம எண்ணிக்கையில் வெளிவருகின்றன. உமியை அளந்தால் வீட்டில் எவ்வளவு நெல் குத்தினார்கள் என்று தெரிந்துவிடும். கடையில் வாங்கிய அரிசியோடு உமி வராது. ஊசியில் போடும் இன்சுலினிலும் சி-பெப்டைடு கிடையாது. ஆகவே, இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும் சொந்தச் சுரப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை இது காட்டிக்கொடுக்கும்.

பன்னாட்டு நிபுணர் குழு 2020இல் இதற்கு ஒரு வழிகாட்டுதலைத் தந்தது. சி-பெப்டைடு லிட்டருக்கு 0.3 நானோமோலுக்குக் கீழே போனால் டைப் 1 போல நடத்த வேண்டும், 0.7க்கு மேல் இருந்தால் டைப் 2 போல நடத்தலாம், ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இடைப்பட்டது சந்தேக வெளி. இதுவும் சூழ்நிலைக்கேற்ப ஏமாற்றும். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும் நாட்களில் எடுத்தால் குறைவாகக் காட்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கூடுதலாகக் காட்டும். லாடாவின் தொடக்கத்தில் எடுத்தால் எல்லாம் இயல்பு என்றே வரக்கூடும். ஒரு தடவை எடுத்து ஃபைலில் வைத்துவிடுகிற பரிசோதனை இல்லை இது. காலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

நம் ஊர்ச் சிக்கல்

யாரைச் சோதிப்பது என்பதற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006இல் ஐந்து கேள்விகளைத் தந்தார்கள். நோய் தெரிந்தபோது வயது 50க்குக் கீழா? தாகம், எடைக்குறைவு போன்ற அறிகுறிகள் திடுமென வந்தனவா? உடல் பருமன் குறியீடு 25க்குக் கீழா? தைராய்டு போன்ற இன்னொரு தன்னுடல் தாக்குநோய் நோயாளிக்கு உண்டா? குடும்பத்தில் உண்டா? இரண்டுக்கோ அதற்கு மேலோ ‘ஆம்’ என்றால் சோதிக்கலாம். அக்காவுக்கு நான்கு பொருந்தியிருக்கும்.

ஆனால், இந்தக் கேள்விகளை அப்படியே இங்கே இறக்கிவைக்க முடியாது. நமக்கு டைப் 2 நீரிழிவே இளம் வயதில், ஒல்லியான உடலில் வருகிறது. வயதையும் எடையையும் மட்டும் பார்த்தால் நம் ஊர் சர்க்கரை நோயாளிகளில் பெரும் கூட்டமே வலையில் விழும். ஒல்லியாக வருபவருக்கு வேறு காரணங்களும் உண்டு. தமிழகத்திலும் கேரளத்திலும் கணையத்தில் கல் படிந்து வரும் நீரிழிவை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். மரபணுவில் ஒற்றைப் பிழையால் வரும் வகை இன்னொன்று. ஊட்டச்சத்துக் குறைவால் வரும் நீரிழிவை ‘டைப் 5’ என்று பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2025இல்தான் அங்கீகரித்தது. அந்த அங்கீகாரத்துக்குப் பின்னால் வேலூர் சிஎம்சி மருத்துவர்களின் நீண்ட உழைப்பு இருக்கிறது. இளைத்தவரைக் கண்டதும் காசநோயையும் நினைக்க வேண்டிய நாடு இது.

லாடா இங்கே மேலை நாடுகளைவிட அரிது என்றே வட இந்தியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு சொன்னது. ‘அரிதானதற்கு இத்தனை பேச்சா’ என்று கேட்கலாம். ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. அதில் நூற்றுக்கு ஒருவர் என்றாலே 10 லட்சம் பேர். பத்து லட்சம் தகர டப்பாக்கள்.

இரு பக்கமும் ஆபத்து

வகை தவறினால் என்ன கெட்டுப்போகும்? சர்க்கரைக்கு நாம் மலிவாக வாங்கும் மாத்திரைகளில் ஒரு பிரிவு சல்ஃபோனைல்யூரியா. கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை. கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைப்பது அவற்றின் வேலை. அழிந்துகொண்டிருக்கும் செல்களை மேலும் உசுப்புவது நல்லதா? ஜப்பானில் நடந்து 2008இல் வெளியான ‘டோக்கியோ ஆய்வு’ சிறியது என்றாலும் முக்கியமானது. ஜிஏடி ஆன்டிபாடி உள்ளவர்களில் இன்சுலின் தரப்பட்ட பிரிவில் 10% பேரும், சல்ஃபோனைல்யூரியா தரப்பட்ட பிரிவில் 43% பேரும் முழுமையாக இன்சுலினை நம்பியிருக்கும் நிலைக்குப் போனார்கள். லாடாவில் இந்த மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்று நிபுணர்கள் இன்று சொல்வதற்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

இன்னொரு ஆபத்து புதியது. டப்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் அருமையான மருந்துகள் அவை. 2020இல் டப்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்ததும் இந்தியாவில் அதன் விலை வெகுவாக இறங்கி எல்லா மருந்துக் கடைகளிலும் புழங்குகிறது. ஆனால், உடலில் இன்சுலின் வற்றியவருக்கு இவற்றைக் கொடுத்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகிவிடலாம். குளுக்கோமீட்டர் ‘பரவாயில்லை’ என்று சொல்லும். உடல் அபாயத்தில் இருக்கும். அக்காவின் நான்காவது மாத்திரை இதுதான். அந்த 210 எங்களையும் கிளினிக்கையும் ஏமாற்றியது இப்படித்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் சிறிதில்லை. டைப் 2 உள்ளவரை டைப் 1 என்று தவறாக முடிவுகட்டினால், தேவையில்லாத ஊசி, திடீர்த் தாழ்சர்க்கரை, செலவு, பயம். வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் ‘பரம்பரையா?’ என்று வரன் பார்க்கும் இடத்தில் கிளம்பும் பேச்சு. இன்சுலின் என்றாலே கடைசிக் கட்டம் என்று நினைக்கும் சமூகத்தில் இந்த முத்திரை எளிதில் அழியாது. ஆகவேதான், அவசரமாக ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் போடுவது தீர்வாகாது என்கிறேன்.

சந்தேகத்தை எழுதிவையுங்கள்

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, நோயாளியின் குறிப்பேட்டில் ‘டைப் 2’ என்று எழுதும்போதே, அதை மறுபடி பார்க்க வேண்டிய தேதியையும் எழுத வேண்டும். உணவு, நடை, மாத்திரை மூன்றும் சரியாக இருந்தும் ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கவில்லை என்றால், நோயாளியைச் சந்தேகிப்பதற்கு முன் வகையைச் சந்தேகிப்பது விதியாக வேண்டும்.

இரண்டாவது, தமிழகத்துக்கென்று ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் மாத்திரை தருகிறார்கள். அந்தப் பைக்குள் மாத்திரையோடு மூன்று கேள்விகளையும் வைத்து அனுப்பலாம். காரணமில்லாமல் எடை குறைகிறதா? தைராய்டோ வெண்புள்ளியோ உண்டா? மாத்திரை கூடியும் சர்க்கரை குறையவில்லையா? இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நீரிழிவு நோயாளியின் வாசற்படியை மிதிக்கும் அந்தப் பெண்களைவிட, வளையல் ஏறுவதை முதலில் பார்க்கப்போகிறவர்கள் யார்?

மூன்றாவது, அப்படி அனுப்பப்படுபவர்களுக்கு மட்டும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் சி-பெப்டைடும் ஜிஏடி ஆன்டிபாடியும் கட்டணமில்லாமல் கிடைக்க வேண்டும். எல்லோருக்கும் அல்ல, தேர்ந்தெடுத்தவர்களுக்கு. அதற்கும் மேலாக, அந்த முடிவுகளைத் தொகுத்தால், மேலை நாட்டுக் கேள்விகளுக்குப் பதிலாக நம் உடலுக்கேற்ற கேள்விகளை நாமே உருவாக்கலாம்.

நான்காவது, டப்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எழுதித் தரும்போது இரண்டு வரி தமிழில் சொல்ல வேண்டும்: வாந்தி, காய்ச்சல், விரதம் என்றால் இதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள், சர்க்கரை அளவு நன்றாக இருந்தாலும் கீட்டோன் பாருங்கள்.

ஐந்தாவதற்கு நிதி ஒதுக்கீடே தேவையில்லை. ‘வாயைக் கட்டு’ என்பது எங்கள் அக்காவின் காதில் மூன்று ஆண்டுகள் விழுந்த மருந்துச் சீட்டு. அதற்குப் பதிலாக ஒருவராவது, ‘நீங்கள் சொல்வதை நம்புகிறேன், வேறு காரணம் இருக்கிறதா பார்ப்போம்’ என்று சொல்லியிருந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

இப்போது அக்காவின் டப்பாவில் சர்க்கரை மாத்திரைகள் இல்லை. இன்சுலின் பேனா குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. இழந்த எடையில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. ரவிக்கைகளின் தையலைப் பிரித்துவிட்டார். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளில், அந்த மருத்துவர் குறிப்பேட்டில் நோயின் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் ‘இப்போதைக்கு’ என்றும் எழுதினார். கீழே அடுத்த சி-பெப்டைடு பரிசோதனைக்கான மாதம்.

“அப்போ முதல்ல சொன்னது தப்பா சார்?” என்று அக்கா கேட்டார்.

“அன்னைக்கு உங்களைப் பார்த்திருந்தா நானும் அதையே எழுதியிருக்கலாம்மா” என்றார் அவர். “தப்பு, மூணு வருஷமா யாரும் அதைத் திருப்பிப் பார்க்காததுதான்.”